மரத்தூர் அகற்ற: வீட்டுத் தோட்டத்துக்கான பயனுள்ள குறிப்புகள்

மரம் வெட்ட வருகிறவர்கள் காலையில் கயிறு கட்டினால் மாலைக்குள் கிளை, தண்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கும் தூர் மட்டும் வீட்டுக்காரருக்கு மிச்சம். அதைப் பெயர்க்க ஆள்பலம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்ன மரம், என்ன மண், அந்த இடத்தில் இனி என்ன வரப்போகிறது என்ற மூன்றையும் யோசித்துவிட்டுத் தொடங்கினால் இரண்டு பேரே போதும். யோசிக்காமல் இறங்கினால் பத்துப் பேர் வந்தாலும் குழாய் உடையும், சுவர் விரியும், தூர் அங்கேயே இருக்கும்.

1. மரத்துக்கு விலை பேசும்போதே தூரையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். விறகுக் கடைக்கும் அறுப்பு மில்லுக்கும் வேண்டியது தண்டுதான். மண்ணும் கல்லும் புதைந்த வேர்க்கட்டை ரம்பத்தின் பல்லைக் கெடுக்கும் என்பதால் அதைத் தொடத் தயங்குவார்கள். "தூரோடு எடுத்துக் குழியை மூடித் தர எவ்வளவு?" என்று முதலிலேயே கேளுங்கள். மரத்தை ஏற்றிவிட்டுப் போன பிறகு தூருக்கென்று தனியாக ஆள் கூப்பிட்டால், மரத்துக்குக் கிடைத்த பணம் கூலியிலேயே போய்விடும்.

2. தோண்டி எடுப்பதா, மக்க விடுவதா என்று வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். தோண்டி எடுப்பதாக இருந்தால் தண்டைத் தரையோடு அறுக்கவே கூடாது. மூன்று, நான்கு அடி உயரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்த உயரம்தான் நெம்புகோல். வேர்களை வெட்டிய பிறகு அதன் தலையில் கயிறு கட்டி அசைத்தால் தூர் ஆடும். தரைமட்டத்தில் அறுத்த கட்டையில் கயிறு நிற்காது, பிடித்து ஆட்டவும் எதுவும் இருக்காது. மக்க விடப்போகிறீர்கள் என்றால் எவ்வளவு தாழ்வாக அறுக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக அறுத்துவிடலாம்.

3. சந்தன மரம் என்றால் தூரைக்கூடத் தொடாமல் முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். சந்தனத்தில் வேரிலும் எண்ணெய் உண்டு. அதனால்தான் வனத்துறையே சந்தன மரத்தை அறுக்காமல் வேரோடு தோண்டி எடுக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்டாக வேண்டும். மரம் காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நின்றால் அது உங்களுடையது அல்ல. உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுப்பதுதான் வழி.

4. எல்லாத் தூரையும் தோண்ட வேண்டிய அவசியமில்லை. முருங்கையின் கட்டை மென்மையானது. துளிரை மட்டும் கிள்ளி வந்தால் ஓரிரு மழைக்காலத்தில் கடப்பாரைக்கு உதிர்ந்துவிடும். பப்பாளிக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. தோட்டத்தின் மூலையில் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நிற்கும் மாமரத் தூரையும் விட்டுவைக்கலாம், வீட்டுச் சுவருக்குத் தூரமாக இருந்தால். கட்டடம், தளம், செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு என்று அந்த இடத்தில் ஏதாவது கட்டுவதாக இருந்தால்தான் முழுத் தூரையும் எடுத்தே ஆக வேண்டும். கட்டை மண்ணுக்குள் மக்கும்போது அதன் மேல் போட்ட தளம் உள்வாங்கும்.

5. எந்த மரம் மறுபடி தழைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேம்பு, புளி, தேக்கு, வாகை, பூவரசு, முருங்கை எல்லாம் வெட்டிய அடியிலிருந்து துளிர் விடும். வேம்பு காயப்பட்ட வேரிலிருந்துகூடக் கிளம்பும். சவுக்கு பெரும்பாலும் துளிர்க்காது. தென்னையும் பனையும் குருத்தை வெட்டிய நாளோடு முடிந்தன. எல்லாவற்றிலும் பிடிவாதமானது சீமைக் கருவேலம். தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கு தண்டு முளைக்கும். அதன் உயிர் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. அதனால் ஓரடி ஆழமாவது தோண்டி அந்தக் கழுத்தோடு எடுக்க வேண்டும். அதற்குக் கீழே போகும் ஆணிவேரை விட்டுவிட்டாலும் கவலையில்லை. முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், கனமான பூட்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

துளிர்க்கும் தூரை மடக்க மருந்தைவிடப் பொறுமை நல்லது. வேரில் சேர்த்து வைத்த உணவை எடுத்துத்தான் கட்டை துளிர்க்கிறது. இலை விரிந்து சமைக்கத் தொடங்குமுன் கிள்ளிக்கொண்டே வந்தால் சேமிப்பு கரைந்து வேர் செத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிள்ளலாம். பக்கத்தில் யாராவது ஆடு வளர்த்தால் இன்னும் நல்லது, வேப்பந்துளிரை ஆடு விட்டுவைக்காது. வெளிச்சம் புகாதபடி தடித்த கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வைப்பதும் பலன் தரும்.

6. தென்னந்தூருக்கு வேறு முறை. பெரும்பாலான மரங்களில் நடுவில் வைரம் பாய்ந்திருக்கும், வெளிப்புறம் வெளிறாக இருக்கும். தென்னையில் இது தலைகீழ். வெளிச்சுற்றுதான் இரும்பு, நடுப்பகுதி சோறு. அதனால் கோடாரியால் பக்கத்திலிருந்து கொத்தினால் கூர்தான் போகும். மேலிருந்து நடுவில் கடப்பாரையை இறக்கிக் குடைந்து வாருங்கள். தென்னைக்கு ஆணிவேரும் இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு மேல் போகாத கயிறு போன்ற வேர்கள் அடிக்கிழங்கிலிருந்து நாலா பக்கமும் ஓடுகின்றன. சுற்றிலும் குழி எடுத்து, கூரான மண்வெட்டியால் அந்த வேர்களை வரிசையாக நறுக்கிக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று அடி ஆழத்தில் கிழங்கு கழன்று சாயும்.

தென்னந்தூரை அப்படியே கிடக்க விடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன், பக்கத்தில் உயிருள்ள தென்னை இருந்தால் இன்னும் அழுத்தமாக. மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு குருத்தைக் குடைந்த ஓட்டைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அது வந்தால் மரம் தப்புவது கடினம். தஞ்சாவூர் வாடல் நோயில் பட்டுப்போன தென்னை என்றால் தூரோடும் வேரோடும் எடுத்து, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். அந்தப் பூசணம் மண் வழியாகவும் வேர் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும். அதே குழியில் உடனே தென்னம்பிள்ளை வைக்கக் கூடாது.

7. கடப்பாரையைத் தூக்குமுன் மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், சம்ப்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் இணைப்பு, மின்வாரியத்தின் புதைவடம், மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் எர்த் கம்பி, இப்போது பல ஊர்களில் எரிவாயுக் குழாய். வீடு கட்டிய கொத்தனாரையோ பிளம்பரையோ கேட்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மரம் பெரியது என்றால் அதன் வேர் ஈரம் தேடிச் சாக்கடைக் குழாயின் இணைப்புக்குள் நுழைந்திருக்கவும் கூடும். அப்படி இருக்கும்போது தூரை இழுத்தால் குழாயும் கூடவே வரும். கோடு போட்ட இடத்தில் கடப்பாரை வேண்டாம், கைக்கொத்தால் சுரண்டி மண்ணை எடுங்கள்.

8. பழைய தூரின் பொந்தில் கையை விடாதீர்கள். கறையான் அரித்த வேர் விட்டுப்போன ஓட்டை எலிக்கு வளை, எலி இருந்தால் பாம்பும் வரும். தேளும் பூரானும் பட்டைக்கு அடியில் இருக்கும். முதலில் நீளமான கம்பால் தட்டிச் சற்று நேரம் காத்திருங்கள். பாம்பு தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

9. மண்ணுக்கேற்ற ஈரம் பார்த்துத் தொடங்குங்கள். செம்மண் காய்ந்தால் கல். முதல் நாள் மாலை தூரைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் மறுநாள் காலையில் இளகியிருக்கும். கரிசலுக்கு அதே நாள் தண்ணீர் விட்டால் மண்வெட்டியில் ஒட்டி உயிரை வாங்கும், நனைத்து இரண்டு மூன்று நாள் கழித்துப் பதம் வந்ததும் வெட்டுங்கள். கடற்கரை மணலில் தண்ணீர் விட்டுப் பயனில்லை, குழியின் ஓரம்தான் சரியும். அங்கே அகலமாகச் சரிவு விட்டுத் தோண்ட வேண்டும். மழை முடிந்த கையோடு, மண்ணில் ஈரமும் வெயிலில் தணிவும் இருக்கும் தை மாதம் இந்த வேலைக்கு வசதியான காலம்.

10. பக்கவேர் முதலில், ஆணிவேர் கடைசியில். இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். தூரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, ஆள் நின்று கோடாரி வீசும் அகலத்துக்கு வட்டமாகக் குழி எடுங்கள். தூருக்கு நெருக்கமாகத் தோண்டினால் வேரின் தடித்த பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள். சற்றுத் தள்ளிப் போனால் அதே வேர் பாதி பருமனாக இருக்கும்.

வேர் தெரிந்ததும் உடனே வெட்டாதீர்கள். தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி மண்ணைக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி மணல் போதும், தீட்டிய கூரை நிமிடத்தில் மழுக்கிவிடும். ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் வெட்டினால், தூரை ஆட்டும்போது வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அசையவிடாது. விரல் பருமன் வேருக்கு அரிவாள், கை பருமனுக்குக் கோடாரி, அதற்கு மேல் ரம்பம். நல்ல ரம்பத்தைக் கெடுக்க வேண்டாம், பழைய ரம்பம் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். குழிக்குள் கோடாரி வீசுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், மண் அள்ளுகிறவர் அப்போது மேலே ஏறிவிட வேண்டும்.

பக்கவேர் எல்லாம் போன பிறகு தூரின் ஒரு பக்கத்தில் அடிமண்ணைக் குடைந்து எடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தலையைத் தள்ளினால் அது குடைந்த பக்கமாகச் சாயும், ஆணிவேர் கண்ணுக்குத் தெரியும். சாய்ந்த நிலையில் ஒரு கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் அதை வெட்டப் போக வேண்டும். அண்டை இல்லாமல் தூருக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

11. செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும், மோட்டார் இறக்கும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். எத்தனை டன் தாங்கும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். மூன்று வலுவான மரங்களை முக்காலியாக நிறுத்தி, கால்களுக்கு அடியில் பலகை வைத்து, தூருக்கு நேர் மேலே தொங்கவிட்டு இழுப்பது நல்லது. வீட்டுத் தூணிலும் காம்பவுண்டுச் சுவரிலும் கேட் கம்பத்திலும் கட்டி இழுக்காதீர்கள், தூருக்கு முன் அவைதான் வரும். காரின் பின்னால் கயிறு கட்டி இழுப்பதையும் பலர் செய்கிறார்கள், வேண்டாம். இறுகிய கம்பி வடம் அறுந்தால் திரும்பி வீசும் வேகத்தில் ஆளை வெட்டிவிடும். இழுக்கும்போது வடத்தின் நடுவில் நனைத்த கோணிச் சாக்குகளைப் போட்டு, எல்லோரும் பக்கவாட்டில் தூரமாக நில்லுங்கள். சங்கிலி விறைத்தும் தூர் அசையவில்லை என்றால் எங்கோ ஒரு வேர் வெட்டாமல் இருக்கிறது என்று பொருள். இழுவையைத் தளர்த்திவிட்டு அந்த வேரைத் தேடுங்கள்.

12. ஜேசிபி வரவழைப்பதானால் முதலில் கேட்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய எட்டடி அகலமாவது வேண்டும், திரும்ப இடமும் மேலே மின்கம்பி இல்லாத வெளியும் வேண்டும். வழியில் சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருந்தால் அதன் மூடியின் மேல் சக்கரம் ஏறக் கூடாது. மணிக்கணக்கில் வாடகை என்பதால் பக்கவேர்களை ஆள் வைத்து வெட்டி வைத்துவிட்டு அழைத்தால் செலவு குறையும். குறுகிய சந்து வீடுகளுக்குச் சிறிய பொக்லைன் கேளுங்கள்.

13. மக்க விடுவதென்றால் கட்டைக்குத் தீனி போடுங்கள். மரத்தைத் தின்பது பூசணம். அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், தழைச்சத்து வேண்டும். மரத்தில் முதல் இரண்டையும் நாம் ஏற்படுத்தலாம், மூன்றாவது அதில் மிகக் குறைவு. எனவே மேற்பரப்பில் மூன்று நான்கு அங்குல இடைவெளியில், ஓர் அங்குல விட்டத்தில், எட்டு அங்குல ஆழத்துக்குத் துளைகள் போடுங்கள். பக்கவாட்டிலிருந்தும் சாய்வாகத் துளைத்து அவற்றோடு சேர்த்தால் காற்றோட்டம் கிடைக்கும். துளைகளில் கொஞ்சம் யூரியா போட்டுத் தண்ணீர் ஊற்றி, மேலே பசுஞ்சாணிக் கரைசலை மெழுகி, ஈரச் சாக்கால் மூடி, மண் போட்டுவிடுங்கள். கோடையில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், காற்றில்லாமல் பூசணம் வேலை செய்யாது. மா விரைவில் மக்கும். புளி, வேம்பு போன்றவற்றின் வைரம் பல ஆண்டு நிற்கும்.

இங்கேதான் பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். மயில்துத்தம் ஊற்று, உப்புக் கொட்டு, ஆசிட் ஊற்று, கழிவு ஆயில் பூசு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. மரம் மக்காமல் இருக்கப் பூசும் மருந்துகளில் சேர்ப்பதே அதைத்தான். வேலிக் கம்பத்தின் அடியில் கறையான் ஏறாமலிருக்கக் கழிவு ஆயில் தடவுகிறோமே, அதையே தூரில் தடவினால் தூரும் மக்காமல் நிற்கும். துளிர் சாகலாம், கட்டை கெட்டியாக இருக்கும். உப்பு அந்த மண்ணில் அடுத்து எதையும் வளரவிடாது. கிணறு பக்கத்தில் இருந்தால் இவை எல்லாமே நீருக்குள் போகும். களைக்கொல்லி பூசித்தான் ஆக வேண்டும் என்றால், உரிமம் பெற்றவரைக் கொண்டு, அறுத்த ஈரம் காயுமுன் பூசச் சொல்லுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளையத்தில் மட்டும்தான் உயிர் ஓடுகிறது. நடுக்கட்டையில் ஊற்றுவது வீண்.

14. தூரில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைக்காதீர்கள். மேலே அணைந்துவிட்டது போலத் தெரியும், வேர் வழியாகக் கனல் மண்ணுக்குள் நாள்கணக்கில் ஊரும். எங்கோ தள்ளி வேலியோ, வைக்கோலோ, பிளாஸ்டிக் குழாயோ இருக்கும் இடத்தில் வெளியே வரும். அரளிக் கட்டையின் புகை நச்சு.

15. புயலில் வேரோடு சாய்ந்த மரம் தனிக் கவனம் கேட்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்தபோது சென்னையிலும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வந்தபோது நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களிலும் இப்படித் தோட்டம் தோட்டமாக மரங்கள் கிடந்தன. சாய்ந்த மரத்தில் வேரும் மண்ணும் சேர்ந்த தட்டு சுவர்போல எழுந்து நிற்கும், அதன் பின்னால் குழி இருக்கும். தண்டின் எடைதான் அந்தத் தட்டைப் படுக்கவிடாமல் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்த மறுகணம் தட்டு சட்டென்று பின்னால் சாய்ந்து குழியில் விழலாம். குழிக்குள்ளே குழந்தையோ ஆளோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. அறுக்குமுன் தட்டை வடத்தால் பிடித்துக் கட்டுங்கள் அல்லது அண்டக் கொடுங்கள், குழிப் பக்கம் யாரையும் விடாதீர்கள். மின்கம்பி மேலே கிடந்தால் மின்வாரியம் வந்து துண்டிக்கும்வரை மரத்தைத் தொடவே வேண்டாம்.

16. அஸ்திவாரத்துக்கு அடியில் போகும் வேரை இழுக்காதீர்கள். சுவருக்கு வெளியே அறுத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விடுங்கள். கரிசல் பூமியில் இன்னொன்றும் உண்டு. பெரிய மரம் பல ஆண்டுகளாக அந்த மண்ணின் நீரை உறிஞ்சி வந்திருக்கும். மரம் போனதும் மண் நீர் குடித்து உப்பும், சுவரில் விரிசல் வரலாம். வீட்டை ஒட்டிய பெரிய மரம் என்றால் வெட்டுமுன்பே கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

17. வீட்டுச் சுவரிலிருந்து சில அடிக்குள் இருக்கும் தூரில் கறையான் மண்பாதை தெரிந்தால் மக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டை தீர்ந்ததும் அது கதவு நிலைக்குத்தான் வரும். முதலில் எடுக்க வேண்டிய தூர் அது.

18. எடுத்த தூரை உடனே விறகாக்கிவிடாதீர்கள். புளியங்கட்டையைக் கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டையாகத் தேடி வாங்குவார்கள். வாகை என்றால் மரச்செக்கு வைத்திருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். வேரும் தண்டும் பிரியும் இடத்தில் ரேகை சுழன்று அழகாக இருக்கும், மர ஆசாரி ஒருவர் பார்த்தால் மணையோ முக்காலியோ எழுதி வைத்தது போல அதில் இருக்கும். பிளப்பதாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே ஆப்பும் சம்மட்டியும் வைத்துப் பிளந்துவிடுங்கள், காய்ந்த தூர் ஆப்பைக் கவ்விக்கொள்ளும். சில்லு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

19. குழியை ஒரேயடியாக மண்ணைக் கொட்டி மூடாதீர்கள். உள்ளே கிடக்கும் வேர்த்துண்டுகளையும் சிராய்களையும் பொறுக்கி எடுத்துவிட்டு, அரை அடிக்கு ஒருமுறை மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு அடித்துக்கொண்டே வாருங்கள். தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் கூடுதலாகக் குவித்து விடுங்கள், மழையில் இறங்கிச் சரியாகிவிடும். சிமென்ட் தளமோ டைல்ஸோ ஒரு வடகிழக்குப் பருவமழை போன பிறகுதான். வேறு மரம் வைப்பதானால் பழைய குழியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். பழைய குழியில் மிஞ்சிய கட்டை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே எடுத்துக்கொள்ளும், இளங்கன்று மஞ்சளித்து நிற்கும். அந்த இடத்தில் முதல் வருடம் அவரையோ தட்டைப்பயறோ போட்டு வையுங்கள், அவை தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.